மேல் பூட்டு

இன்னைக்கு வெள்ளிக்கெழமம்மா, தொறக்க மாட்டாங்க. வெள்ளிக்கெழம விடுமுறைன்னு போர்டு வச்சிருக்கான். ஆனா அதக் கொண்டுபோயி வேப்பமரத்துக்குப் பின்னால மாட்டியிருக்கான். வெளியூருலேர்ந்து வர்றவங்களுக்கு எப்படித் தெரியும்? நகராட்சி வேல அப்படித்தான். வாங்க, இப்படி பெஞ்சுல உக்காருங்க. வெயில்ல நின்னு கதவையே பாத்துக்கிட்டிருந்தா அது தொறந்துக்கவா போவுது.

காசி, அம்மாவுக்கு ஒரு டீ போடு. எனக்கு சக்கர இல்லாம.

எந்த ஊரும்மா? பினாங்கா? பேச்சக் கேட்டா நம்ம பக்கத்துப் பேச்சாட்டம் இருக்கு. ஓ, வீட்டுல இப்படித்தான் பேசுறதா. நல்லது, நல்லது. கொள்ளுத்தாத்தா பேரு சொவத்துல இருக்கான்னு பாக்க வந்தீங்களா. அவரு பேரென்ன? செவந்தலிங்கமா. தோப்புத்துறை ஆளு. ஆயிரத்தித் தொள்ளாயிரத்தி இருவத்தாறுல கப்பலேறுனாரு. ம். சரி, பாப்போம். டீயக் குடிங்க மொதல்ல.

நானா? என் பேரு வைரக்கண்ணு. முப்பத்தோரு வருசம் பஸ்ஸுல கண்டக்டரா இருந்தேன். நீங்க பாக்க வந்திருக்கீங்களே கப்பல் சத்திரம், அது எங்க வீடும்மா. எனக்கும் எங்க அண்ணன் சிங்காரவேலுக்கும் பாத்தியப்பட்டது. எங்க தாத்தா கட்டுனது. நகராட்சிக்காரங்க எடுத்துக்கிட்டு, போன தை மாசம் ரிப்பன் வெட்டி, அருங்காட்சியகம்னு பேரு வச்சுட்டாங்க. வீட்டுக்காரன் ரோட்டுக்கு இந்தப் பக்கம் டீக்கடை பெஞ்சுல உக்காந்திருக்கேன். நீங்களே நியாயத்தச் சொல்லுங்க.

உள்ள போகணும்னா சீட்டு வாங்கணுமாம். எங்க வீட்டுக்கு நான் சீட்டு வாங்கணுமாம். ஊருக்கே சீட்டுக் கிழிச்சுக் குடுத்த கையிம்மா இது. வாங்குவேனா? திறப்பு விழாவுக்குப் பத்திரிகை கொண்டாந்து குடுத்தாங்க, நான் போகல. என் பொண்டாட்டி தையல்நாயகி மட்டும் போயிட்டு வந்தா. வந்து, எல்லாம் அழகாத்தான் பண்ணி வச்சிருக்காங்கன்னு சொன்னா. ரெண்டு நாளு அவகிட்ட நான் பேசல.

இந்தப் பையா? பெட்டிஷன்மா. கமிஷனருக்குத்தான். மூணு குடுத்தாச்சு, இது நாலாவது. வீட்டத் திருப்பிக் கேட்டு எழுதறேன்னு ஊரே நெனச்சுக்கிட்டிருக்கு. நெனச்சுக்கட்டும்.

அந்தக் காலத்துல கப்பலு கரைக்கு வராதும்மா. தூரத்துல நிக்கும், படகுல போயித்தான் ஏறணும். இன்ன தேதிக்கு வரும்பாங்க, பத்து நாளு ஆயிரும். அது வரைக்கும் சனங்க எங்க தங்குறது? அதுக்காகத்தான் தாத்தா இதக் கட்டுனாரு. பெரிய கூடம், நாலு பக்கமும் சொவரு, ஆளுக்கு ஒரு பாய். சும்மா உக்காந்திருக்குற மனுசன் என்ன பண்ணுவான். ஆணிய எடுத்து சொவத்துல பேரக் கீறுவான், ஊரக் கீறுவான், வருசத்தக் கீறுவான். தாத்தா மொதல்ல திட்டிப் பாத்தாராம், அப்பறம் விட்டுட்டாரு. ஒரு ஆளு தன் பேர எழுதாம தன் மாட்டோட பேர எழுதி வச்சுட்டுப் போயிருந்தான். நானும் அண்ணனும் சின்னதுல அந்தச் சொவத்த வச்சுத்தான் வெளாடுவோம். அவன் ஒரு பேரச் சொல்லுவான், நான் ஓடிப்போயி அந்தப் பேரத் தொடணும். அப்பறம் நான் சொல்லணும், அவன் தொடணும். நாலு சொவரும் எங்களுக்கு மனப்பாடம். 

ஒருநாளு எங்க பேரையும் கீறுனோம். கெழக்குச் சொவத்துல, ஜன்னலுக்குக் கீழ. சிங்காரவேலு, வைரக்கண்ணு, எங்கும் போகவில்லை. அப்படின்னு அவன்தான் எழுதுனான். அப்பா ரெண்டு பேரையும் மொத்துனாரு.

கப்பலெல்லாம் நின்னுபோச்சு. சத்திரத்துல யாரும் தங்குறதில்ல. பின்கட்டுல அப்பா மட்டும் இருந்தாரு, கடைசி வரைக்கும் அங்கேயே இருந்துட்டுப் போயிட்டாரு. வெனயே அதுக்கப்பறந்தான்.

அப்பா போயி பன்னெண்டு நாளுகூட ஆவல. யாரோ பேண்ட்டு போட்ட ஆளு ஒருத்தன் சத்திரத்த டேப்பு வச்சு அளந்துட்டுப் போறான்னு இதே கடையில வச்சுச் சொன்னாங்க. கூட அண்ணன் நிக்கிறானாம். எனக்கு எப்படி இருக்கும்? பாண்டிச்சேரியிலேர்ந்து ஓட்டல்காரனுங்க கடலோரமா பழைய வீடு தேடிக்கிட்டிருந்த நேரம் அது. நான் ஒண்ணும் கேக்கல. மனசுலயே வச்சிருந்தேன். பதினாறாம் நாளு, கருமாதி முடிஞ்சு எல காயல, சொந்தக்காரங்க அத்தன பேரும் கூடத்துல உக்காந்திருக்காங்க, எந்திரிச்சு நின்னு கேட்டேன். அப்பா சாம்பலு ஆறல, அதுக்குள்ள அளந்து விக்கப் பாக்குறியான்னு கேட்டேன்.

 அவன், அது கொத்தனாருடா, மேக்கூரைக்கு எவ்வளவு ஓடு வேணும்னு அளந்தாருன்னான். கொத்தனாரு பேண்ட்டு போட்டுக்கிட்டு வருவானாம்மா? அந்தக் காலத்துல எந்தக் கொத்தனாரு பேண்ட்டு போட்டான்? நான் விடல. பேச்சு முத்திப்போச்சு. எங்க தாய்மாமன் நடுவுல புகுந்து ஒரு முடிவு சொன்னாரு. பாகம் பிரியற வரைக்கும் சத்திரத்த ஒருத்தரும் அனுபவிக்க வேணாம். கதவுல மேல ஒரு நாதாங்கி, கீழ ஒரு நாதாங்கி. மேல பெரியவன் பூட்டட்டும், கீழ சின்னவன் பூட்டட்டும். ரெண்டு பேரும் சேந்து வந்தாத் தொறக்கலாம். ஒருத்தன் பூட்ட இன்னொருத்தன் தொடக்கூடாது. தொட்டா, தொட்டவனுக்குப் பாகம் இல்ல. எல்லாரும் சரின்னாங்க. நானும் சரின்னேன். அண்ணன் தலைய மட்டும் ஆட்டுனான்.

அன்னைக்கு சாயங்காலமே பூட்டியாச்சு. நான் கடத்தெருவுல புதுசா ஏழு லீவரு பூட்டு வாங்கியாந்தேன். அமுக்குனா டக்குன்னு பூட்டிக்கும். அவன் ஒரு திண்டுக்கல்லு மாங்காப் பூட்டு கொண்டாந்தான், கனமான பூட்டு. அது அமுக்குனா பூட்டாது. வளையம் உள்ள போயி நிக்கும், சாவியப் போட்டுத் திருப்புனாத்தான் பூட்டும். அவன் கூட்டுறவுப் பண்டகசாலையில குமாஸ்தா, குடோன் சாவி பூரா அவன்கிட்டதான். பூட்டு விசயத்துல அப்படி ஒரு ஆளு கெடையாது. பூட்டிட்டு மூணு தரம் இழுத்துப் பாப்பான். தெருமொன வரைக்கும் போயிட்டு, திரும்பி வந்து இன்னொரு தரம் இழுத்துப் பாப்பான். பண்டகசாலையில அதுக்காகவே அவனக் கிண்டல் பண்ணுவாங்க. அன்னைக்கும் எங்க எல்லாருக்கும் முன்னாடி சாவியத் திருப்பிப் பூட்டி, மூணு தரம் இழுத்துப் பாத்துட்டுத்தான் போனான். நான் கண்ணால பாத்தேன்.

அதுலேர்ந்து இருவது வருசம்மா.

ஒரே ஊருதான். அவன் மேலத்தெரு, நான் கீழத்தெரு. பஸ்ஸுல ஏறுனா சீட்டுக் குடுப்பேன், வாங்கிக்குவான். அவன் இறங்குறப்ப விசில் அடிப்பேன். ஒரு வார்த்த பேசுனது கெடையாது. 

ஆயுதபூசை அன்னைக்கு மட்டும் சத்திரத்துக்குப் போவேன். நம்ம பூட்டுக்கு நாமதானே பொட்டு வைக்கணும். மொத வருசம் சந்தனம், குங்குமம், எண்ணெ எல்லாம் எடுத்துக்கிட்டு காலையிலயே போறேன், எனக்கு முன்னாடி அவன் வந்துட்டுப் போயிருக்கான். அவன் பூட்டுல பொட்டு இருக்கு. என் பூட்டுலயும் இருக்கு. எண்ணெ வேற போட்டிருக்கான். எனக்கு எப்படி இருக்கும்? தொடக்கூடாதுன்னு அத்தன பேருக்கு முன்னாடி பேசுன பேச்சு. நேரா மாமங்கிட்டப் போனேன். என் பூட்டத் தொட்டுட்டான், பேச்சுப்படி அவனுக்குப் பாகம் இல்லன்னு எழுதிக் குடுங்கன்னேன். மாமன் என்னைய ஒரு மாதிரி பாத்தாரு. பொட்டு வச்சதுக்காடா பாகம் கேக்குற, போயி சோத்தத் தின்னுட்டுப் படுடான்னாரு. அவரும் அந்தப் பக்கந்தான் போல.

வருசா வருசம் இதே கதை. நான் போறதுக்குள்ள ரெண்டு பூட்டுலயும் பொட்டு இருக்கும். நான் என் பூட்டுல உள்ளதத் துணிய வச்சுத் தொடச்சுட்டு, நானா ஒரு பொட்டு வைப்பேன். ஒரு தரம் பூட்டையே மாத்துனேன், கள்ளச்சாவி கிள்ளச்சாவி போட்டிருப்பானோன்னு. நான் அவன் பூட்டத் தொட்டதே இல்லம்மா. வெரலு நுனி பட்டது கெடையாது. பேச்சுன்னா பேச்சு. அதுல எம்மேல யாரும் ஒரு குத்தம் சொல்ல முடியாது.

பதினேழாவது வருசம் அவனுக்கு ஒடம்பு முடியாமப் போச்சு. சிறுநீரகம் ரெண்டும் போயிருச்சுன்னாங்க. மங்கையர்க்கரசி அண்ணி, அவன் சம்சாரம், எங்க வீட்டு வாசல்ல வந்து நின்னாங்க. பதினேழு வருசத்துல மொத தடவ. உள்ள வாங்கன்னா தையல்நாயகி, அவுங்க வரல. ஒரு தரம் வந்து பாத்துட்டுப் போங்க தம்பின்னாங்க.  அப்பறம் சொன்னாங்க, "சத்திரத்துக்குப் போயி, அவன் பூட்டத் தொறந்துட்டுக் கதவத் தள்ளிப் பாக்கச் சொல்லுன்னு சொன்னாரு தம்பி. அத மட்டும் சொல்லிட்டு வரச் சொன்னாரு."

எனக்கு சுருக்குன்னு ஏறிருச்சு. மேல அவன் பூட்டு தொங்குது, நான் என் பூட்டத் தொறந்துட்டுக் கதவத் தள்ளணுமாம். சாகப்போற நேரத்துலயும் நக்கலப் பாத்தியான்னு நெனச்சேன். இல்ல, அவன் பூட்ட நான் தொட்டு, அத வச்சு என் பாகத்த இல்லாம ஆக்குறதுக்கு வழி பண்றானோன்னும் நெனச்சேன். முப்பத்தோரு வருசம் எத்தன பேரு சீட்டு வாங்காம ஏமாத்தப் பாத்திருப்பாங்க, அதப் பாத்துப் பாத்து வந்த புத்திம்மா. "அவனே வந்து சொல்லட்டும் அண்ணி"ன்னு சொல்லிட்டேன்.

எட்டாம் நாளு போயிட்டான்.

போனேன், போகாம இருப்பனா. கூட்டத்தோட கூட்டமா நின்னு வாய்க்கரிசி போட்டேன். மொகத்தப் பாத்தேன். இளைச்சுப்போயி, மூக்கு மட்டும் நீட்டமா, எங்க அப்பா மாதிரியே இருந்தான். ஒண்ணும் பேசல. அவன்தான் பேச மாட்டானே அதுக்கப்பறம்.

அந்த வருசம் ஆயுதபூசைக்குப் போனேன். ரெண்டு பூட்டுலயும் பொட்டு இல்ல. என் பூட்டுல தொடைக்கிறதுக்கு ஒண்ணும் இல்ல. கையில துணிய வச்சுக்கிட்டு ரொம்ப நேரம் நின்னேன். என் பூட்டுக்கு மட்டும் பொட்ட வச்சுட்டு வந்துட்டேன். அவன் பூட்டுக்கு வைக்கணும்னுதான் இருந்துச்சு. ஆனா தொடக்கூடாதே.

ஐப்பசி மழையில கெழக்குச் சொவரு விழுந்துச்சு. மேக்கூரை ஓடெல்லாம் எப்பவோ போயிருச்சு, அரசமரம் மொளச்சு வேரு விட்டிருந்துச்சு. ரோட்டுலேர்ந்து பாத்தாலே உள்ள வானம் தெரியும். சொவரு விழுந்ததும் நகராட்சியிலேர்ந்து நோட்டீசு மேல நோட்டீசு. அபாயமான கட்டடம், சரி பண்ணுங்கன்னு. ஒவ்வொண்ணுக்கும் பதிலு எழுதுனேன். மேல் நாதாங்கியில இறந்துபோன என் அண்ணன் சிங்காரவேலுவின் பூட்டு உள்ளபடியால் என்னால் உள்ளே போக இயலவில்லைன்னு எழுதுனேன். சொவரு விழுந்ததுக்கு மழதான் காரணம்னும் எழுதுனேன். ஆபீசுல என்னைய அந்தப் பூட்டுக்காரரு வந்திருக்காருன்னுதான் சொல்லுவாங்க.

அதுக்குள்ள யாரோ படிச்ச பிள்ளைங்க விழுந்த சொவத்து வழியா எட்டிப் பாத்து, உள்ள இருக்குற பேரெல்லாத்தையும் படம் புடிச்சுப் பேப்பருல போட்டுட்டாங்க. உடனே நகர்மன்றத்துல தீர்மானம். வரலாற்றுச் சின்னமாம், பாதுகாக்கணுமாம், வீட்டுக்காரன் சம்மதிச்சாலும் சம்மதிக்காட்டாலும் கையகப்படுத்துறாங்களாம். நோட்டீச எங்க ஒட்டியிருந்தான் தெரியுமா? கதவுல, ரெண்டு பூட்டுக்கும் நடுவுல.

ஆட்சேபண விசாரணைக்குக் கூப்பிட்டாங்க. கமிஷனரம்மா சின்னப் பொண்ணு, முப்பது வயசு இருக்கும். மரியாதையாத்தான் பேசுனாங்க. நான் எல்லாத்தையும் சொன்னேன், மாமன் சொன்ன பேச்சு, பொட்டு வச்சது, பேண்ட்டு போட்ட கொத்தனாரு, ஒண்ணு விடல. அவுங்க பேனாவ மூடி வச்சுட்டுக் கேட்டாங்க, "இருவது வருசத்துல ஒரு தடவையாவது உங்க அண்ணன்கிட்ட சாவி கேட்டீங்களாய்யா?"

என்னாத்துக்குக் கேக்கணும்னு சொன்னேன். கேட்டா நான் எறங்கிப் போன மாதிரி ஆயிடாதா. அந்தம்மா பேனாவத் தொறந்து எழுதிக்கிட்டாங்க. இழப்பீடு கோர்ட்டுல கெடக்கு, நான் அதத் தொடல, அந்தப் பேச்சு வேணாம்.

டீ ஆறிப்போச்சேம்மா. காசி, இன்னொண்ணு போட்டுக் குடுறா.

கையகப்படுத்துற அன்னைக்கு காலையில பத்து மணி. கமிஷனரம்மா, தாசில்தாரு, ரெண்டு போலீசு, வேடிக்க பாக்க பாதி ஊரு. சாவி வச்சிருக்கறவங்க கொண்டாந்து தொறக்கலாம், இல்லன்னா நகராட்சியே ஒடைக்கும்னு சொல்லியிருந்தாங்க. ஒடைக்க விடுவேனா? இஸ்திரி போட்ட சட்ட போட்டுக்கிட்டுப் போனேன். எல்லாரும் பாக்க, நானே என் பூட்டத் தொறந்து கையில எடுத்துக்கிட்டேன். எண்ணெ போட்டுப் போட்டு வச்சதனால சுலபமாத் தொறந்துச்சு. தலைய நிமுத்திக்கிட்டு ஒதுங்கி நின்னேன்.

அண்ணி வந்திருந்தாங்க. அவுங்ககிட்ட மேல் பூட்டுச் சாவியக் கேட்டாங்க. எங்கிட்ட சாவி இல்லங்கன்னாங்க. சாவிய எங்க வச்சிருப்பான், அவன் எதையும் தொலைக்கிற ஆளு இல்லையேன்னு நான் நெனக்கிறேன். நகராட்சி ஃபிட்டரு அந்தோணி சுத்தியலும் உளியும் எடுத்துக்கிட்டு ஸ்டூலு மேல ஏறுனான். உளிய வைக்கிறதுக்குத் தோதாப் பூட்ட ஒரு கையால புடிச்சு லேசா இழுத்தான்.

வந்துருச்சும்மா. கையோட வந்துருச்சு.

அந்தோணி பூட்டத் திருப்பித் திருப்பிப் பாக்குறான். "சார், இது பூட்டவே இல்ல சார்"ன்னான்.

துருப்புடிச்சு விட்டுருக்கும்னு நான் சொன்னேன். அவன் எறங்கி வந்து எங்கிட்டயே காமிச்சான். வளையம் முழுசா இருக்கு, ஒடையல. பூட்டோட நாக்கு உள்ள மடங்குனது மடங்குனபடி இருக்கு. சாவியத் திருப்பித் தொறந்துட்டு, வளையத்த மட்டும் அமுக்கி வச்சுட்டுப் போயிருக்காங்க சார், ரொம்ப வருசம் இப்படியேதான் இருந்திருக்குன்னான். 

நான் அண்ணியப் பாத்தேன். அவுங்க கதவப் பாத்துக்கிட்டே சொன்னாங்க, "பதினாறாம் நாளுக்கு மறுநாளே வந்து தொறந்து விட்டுட்டாரு தம்பி. யாருக்கும் சொல்லக்கூடாதுன்னுட்டாரு. அவனுக்கே தானா கை நீட்டத் தோணணும்னாரு."

அதக் கேட்டுட்டு நான் என்ன சொன்னேன் தெரியுமா? மறந்திருப்பான்னேன். பூட்ட மறந்திருப்பான் அண்ணின்னேன். மூணு தரம் இழுத்துப் பாத்துட்டு, தெருமொனையிலேர்ந்து திரும்பி வந்து இன்னொரு தரம் இழுத்துப் பாக்குறவன். அவன் மறந்துட்டான்னு நான் சொல்றேன்.  அதுக்கப்பறமும் கேட்டவங்கிட்டயெல்லாம் நான் அதத்தான் சொன்னேன். பெரியவன் மறதிக்காரன், பூட்டாமப் போயிட்டான்னு. உங்ககிட்டயும் அப்படித்தான் சொல்லணும்னு இருந்தேன்.

யோசிச்சுப் பாருங்கம்மா. மேல் பூட்டத் தொறந்து விட்டதால அவனுக்கு என்ன லாபம்? அவனால உள்ள போக முடியாது, கீழ என் பூட்டு இருக்கு. நான் ஒருத்தன்தான் போக முடியும். எப்ப வேணும்னாலும், எந்தச் சாயங்காலம் வேணும்னாலும், என் பூட்டத் தொறந்து, மேல கை நீட்டி லேசா இழுத்திருந்தா உள்ள போயிருக்கலாம். மேக்கூரை ஓட்ட மாத்தியிருக்கலாம். அரசங்கன்னப் புடுங்கியிருக்கலாம். அண்ணே, கதவு தொறந்திருக்குன்னு மேலத்தெருவுக்கு ஓடியிருக்கலாம். பதினேழு வருசம் பொட்டு வச்சு, எண்ணெ போட்டு, என் பூட்டு துருப்புடிக்காமப் பாத்துக்கிட்டாரும்மா எங்க அண்ணன், நான் தொறக்கறப்ப சுலபமாத் தொறக்கணும்னு. நான் துணிய வச்சுத் தொடச்சேன்.

அன்னைக்கு எல்லாரும் உள்ள போனாங்க. நான் போகல.  படியிலயே உக்காந்துட்டேன், கையில என் பூட்ட வச்சுக்கிட்டு. அப்பறம் யாரோ வந்து அதையும் வாங்கிட்டுப் போனாங்க.

உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்மா. வந்தவுடனே சொல்லியிருக்கணும், வாய் வரல. செவந்தலிங்கம், தோப்புத்துறை, இருவத்தாறு. எனக்கு நல்லாத் தெரியும் அந்தப் பேரு. கெழக்குச் சொவத்துல, ஜன்னலுக்கு வலது பக்கம், என் தோளு ஒசரத்துல இருந்துச்சு. எழுத்து கொஞ்சம் சாஞ்சு சாஞ்சு இருக்கும். கீழ ஒரு கோடு போட்டு, வந்துருவேன்னு எழுதியிருந்தாரு உங்க கொள்ளுத்தாத்தா. அண்ணன் அந்தப் பேரச் சொன்னா நான் ஓடிப்போயித் தொட்டிருக்கேன். மத்த மூணு சொவத்தையும் நகராட்சிக்காரங்க காப்பாத்திட்டாங்க. ஆயிரத்துச் சொச்சம் பேரு இருக்காம், வரிசையா நம்பரு போட்டுக் கண்ணாடி மாட்டியிருக்காங்களாம். கெழக்குச் சொவரு மண்ணா அள்ளிக் கொட்டுனதுதான். மழ பேஞ்சு விழுந்துச்சுன்னு எழுதுனேனே, மழ எல்லா வருசமும்தான் பேஞ்சுச்சு. என்னாலதான் விழுந்துச்சும்மா. நீங்க அவ்வளவு தூரத்துலேர்ந்து வந்திருக்கீங்க. மன்னிச்சுக்குங்கன்னு கேக்கக்கூட எனக்கு மொகம் இல்ல.

அழுவாதீங்க. இந்தாங்க, தண்ணி குடிங்க. இருந்துச்சும்மா, நான் பாத்திருக்கேன். வந்துருவேன்னு எழுதியிருந்தாரு.

பெட்டிஷனு என்னன்னு கேட்டீங்கல்ல. உள்ள நொழஞ்சதும் வலது கைப்பக்கம் ஒரு கண்ணாடிப் பொட்டியில எங்க ரெண்டு பூட்டையும் வச்சிருக்காங்களாம், தையல்நாயகி பாத்துட்டு வந்து சொன்னா. பக்கத்துல ஒரு அட்டை. சகோதரர்கள் இருவரும் பூட்டிய பூட்டுகள், இருபது ஆண்டுகள் இக்கதவு மூடிக் கிடந்ததுன்னு எழுதியிருக்காம். ரெண்டையும் வளையத்த அமுக்கி, பூட்டுன மாதிரியே வச்சிருக்காங்களாம். வர்றவன் போறவன் எல்லாம் அண்ணனும் தம்பியும் பூட்டிக்கிட்டானுங்கன்னு படிச்சுட்டுப் போறான். அது பொய்யிம்மா. பூட்டுனது ஒருத்தன்தான்.

அத மாத்தச் சொல்லித்தான் எழுதறேன். வீடு வேணாம், அது நல்லா இருக்கட்டும். மேல் பூட்ட மட்டும் தொறந்த மாதிரி வைங்கன்னு எழுதறேன். அவுங்க அதப் படிக்கிறதே இல்ல. பூட்டுக்காரரு மறுபடியும் ஆரம்பிச்சுட்டாருன்னு எடுத்து ஓரமா வச்சுருவாங்க. நாளைக்கு நீங்க உள்ள போறப்ப அங்க ஒரு பொண்ணு இருக்கும், அதுகிட்ட சொல்லுங்க. வெளிநாட்டுலேர்ந்து வந்தவங்க சொன்னா கேப்பாங்க.

நானுமா? உங்க கூடவா? நீங்களே சீட்டு வாங்குறீங்களா. இல்லம்மா, சீட்டுக்காக இல்ல. அது நான் சொல்லிக்கிறது. கதவு தொறந்துதான் இருக்கு, தெரியுது. நீங்க போங்க. நான் இங்கயே உக்காந்திருக்கேன், பாத்துட்டு வந்து சொல்லுங்க. 

அந்தப் பொண்ணு கண்டிப்பா மேல் பூட்டுக்குச் சாவி எங்கன்னு கேக்கும். சாவி வேணாம்னு சொல்லுங்க. லேசா இழுத்தாப் போதும், வந்துரும்.